செய்தலும் செய்வித்தலும்



மனிதன் ஆற்றும் செயல்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஒருவன் தானே செய்வது ஒன்று. பிறரைக் கொண்டு செய்விப்பது மற்றொன்று. உழவன் நிலத்தை உழுகிறான், நிலக்கிழார் உழுவிக்கிறார். தாய் உண்கிறாள், குழந்தையை உண்பிக்கிறாள். முன்னதைத் தன்வினை என்றும் பின்னதைப் பிறவினை என்றும் நம் இலக்கணம் வழங்கும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கூற ஒவ்வொரு மொழியும் ஒரு வழி வகுத்துக்கொண்டிருக்கிறது. தமிழ் வழியில் பழகிய நாம் ஆங்கிலத்தில் பிறவினையைக் கையாளும்போது எங்கே இடறுகிறோம், ஏன் இடறுகிறோம் என்பதை இன்று காண்போம்.

முதலில் நம் வழியை நோக்குவோம். தமிழில் பிறவினை பெரும்பாலும் வினைச்சொல்லின் உள்ளேயே அமைந்துவிடும். 'திருந்தினான்' என்பதில் உள்ள மெல்லெழுத்து வல்லெழுத்தானால் 'திருத்தினான்' ஆகிறது. 'ஆடினான்' என்பதில் ஒற்று இரட்டித்தால் 'ஆட்டினான்' ஆகிறது. இன்னும் சில வினைகள் வி, பி என்னும் விகுதிகளை ஏற்றுச் 'செய்வித்தான்', 'நடப்பித்தான்' என நிற்கும். அவ்விகுதிகள் இரண்டும் இணைந்து வரின் ஏவலின்மேல் ஏவலாகும் என்று நன்னூலார் மேலும் நுணுகி உரைப்பார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைப் பாருங்கள். 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய அத் திருக்கற்றளியைத் தான் 'எடுப்பிச்ச' கோயில் என்றே இராசராசன் குறிப்பிடுகிறான். 'எடுத்த' என்னவில்லை. கல்லைச் செதுக்கியவை பிறர் கைகள். செய்வித்தவன் தான் என்னும் உண்மை அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.

இத்துணைச் சுருக்கமாகச் சொல்லும் நம் பிறவினை ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. 'ஆசிரியர் மாணவனைப் பாடுவித்தார்' என்று சொல்கிறோம். அதட்டிப் பாடுவித்தாரா? இன்சொல் கூறிப் பாடுவித்தாரா? வகுப்பின் முறைப்படி பாடுவித்தாரா? சொல்லில் விடை இல்லை. இடம் நோக்கி நாமே உணர்ந்துகொள்கிறோம்.

ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் நம்முடையதைப் போன்ற முறை வழங்கியது. 'சிட்' என்றால் உட்கார்தல். 'செட்' என்றால் உட்காரச் செய்தல், அதாவது வைத்தல். 'ஃபால்' என்றால் விழுதல். 'ஃபெல்' என்றால் மரத்தை வெட்டி வீழ்த்துதல். 'லை' என்றால் கிடத்தல். 'லே' என்றால் கிடத்துதல். நம்முடைய 'திருந்து, திருத்து' போல இவையும் ஒரே வேரில் கிளைத்த இணைகளே. ஆயினும் அந்த ஊற்று வற்றிப் பல நூற்றாண்டுகள் ஆயின. இந்த முறையில் புதிய இணைகள் இன்று தோன்றுவதில்லை. அகலமான என்று பொருள்படும் 'வைட்' என்னும் பண்புச்சொல்லிலிருந்து, அகலப்படுத்து என்று பொருள்படும் 'வைடன்' பிறப்பது உண்டு. 'பாய்ல்' போன்ற சில சொற்கள் மாறாமல் நின்றே கொதித்தல், கொதிக்கவைத்தல் ஆகிய இரு பொருளையும் தருவதும் உண்டு. ஆனால் ஒருவரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்விப்பதைக் கூற வேண்டுமானால், ஆங்கிலம் வேறு வினைகளின் துணையை நாடுகிறது. அவற்றுள் தலையாயவை நான்கு: மேக், ஹேவ், கெட், லெட்.

இந்நான்கும் ஒருபொருட் சொற்கள் என்று கருதுவதே நம் இடறலுக்கெல்லாம் மூலம். ஏவுவோனுக்கும் செய்வோனுக்கும் உள்ள உறவை ஒவ்வொன்றும் வெவ்வேறாகக் காட்டுகிறது. ஆசிரியர் மாணவனைப் பாடுவித்த செய்தியையே எடுத்துக்கொள்வோம்.

'த டீச்சர் மேட் ஹிம் சிங்' என்றால், மாணவனின் விருப்பம் கணக்கில் இல்லை. மறுக்க வழியின்றிப் பாடினான் என்பது பொருள். மனிதரல்லாத பொருள் எழுவாயாக வரும்போது இச்சொல்லில் கடுமை தோன்றாது. ஒரு கதை நம்மைச் சிரிக்க வைத்தது என்பதற்கும் இதே சொல்தான் வரும். ஆயினும் அங்கும் நாம் எண்ணித் துணிந்து சிரிக்கவில்லை. சிரிப்பு நம்மை மீறி வந்தது.

'த டீச்சர் ஹேட் ஹிம் சிங்' என்றால் வற்புறுத்தலும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. சொல்வது ஆசிரியரின் உரிமை. செய்வது மாணவனின் கடமை. முறைப்படி நடந்தது என்பதே கருத்து. மேலாளர் எழுத்தரிடமும், கூலி கொடுப்பவர் வேலையாளிடமும் ஒரு வேலையை ஒப்படைக்கும்போது இச்சொல் பொருந்தும். அமெரிக்கர் பேச்சில் இவ்வழக்கு மிகுதி.

'த டீச்சர் காட் ஹிம் டு சிங்' என்றால் மாணவன் முதலில் தயங்கினான். ஆசிரியர் முயன்று அவனை இணங்க வைத்தார் என்பது தோன்றும்.

'த டீச்சர் லெட் ஹிம் சிங்' என்றால் நிலைமை தலைகீழாகிறது. பாட விரும்பியவன் மாணவனே. ஆசிரியர் தடுக்கவில்லை, அவ்வளவே.

இந்த வேறுபாடு தேர்வுத்தாளில் மதிப்பெண் பெறுவதற்கு மட்டும் உரியதன்று. ஒரு வழக்கைக் கற்பனை செய்து பாருங்கள். 'பத்திரத்தில் என்னைக் கையெழுத்துப் போட வைத்தார்' என்று ஒரு மூதாட்டி கீழ்நீதிமன்றத்தில் தமிழில் சாட்சியம் கூறுகிறார். வழக்கு மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் செல்லும்போது அவ்வாக்கியம் ஆங்கிலமாக வேண்டும். 'மேட் மீ சைன்' என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் உள்ளத்தில் வற்புறுத்தல் பற்றிய ஐயம் எழும். 'ஹேட் மீ சைன்' என்றால் வழக்கமான நடைமுறை போல் ஒலிக்கும். 'காட் மீ டு சைன்' என்றால் பேசி இணங்க வைத்ததாகப் படும். 'லெட் மீ சைன்' என்றாலோ மூதாட்டியே விரும்பிக் கையெழுத்திட்டதாக ஆகிவிடும். வற்புறுத்திப் பெற்ற இசைவினால் எழுந்த ஒப்பந்தத்தை, அவ்வாறு இசைந்தவர் விரும்பினால் தள்ளிவிடலாம் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறும் நெறி. ஒரு சொல்லை வைத்து எந்த நீதிபதியும் தீர்ப்புக் கூறிவிட மாட்டார். ஆனால் எதை விசாரிக்க வேண்டும் என்பதை அச்சொல்லே அவருக்குச் சுட்டிக்காட்டும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டுமுன் நடந்தது என்ன என்பதை அறிந்தாக வேண்டும்.

இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. 'கையெழுத்துப் போடச் சொன்னார்' என்று நாம் கூறுவது வேறு. சொன்னபடி நடந்ததா என்பது அதில் இல்லை. அதற்கு 'டோல்ட்' அல்லது 'ஆஸ்க்ட்' என்பதே தக்க சொல். மேட், ஹேட், காட் என்பவை வரின் செயல் நடந்தேறிவிட்டது என்பது பொருள்.

இனி, இவற்றின் அமைப்பைச் சுருங்கச் சொல்வேன். மேக், ஹேவ், லெட் ஆகிய மூன்றின் பின்னும் 'டு' வாராது. கெட் ஒன்றே 'டு' ஏற்கும். இணங்க வைப்பதற்குச் சிறிது காலம் பிடிக்குமன்றோ? அந்த இடைவெளியில் 'டு' நிற்பதாக மாணவர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். மேக் என்பது செயப்பாட்டு வினையாக மாறும்போது மட்டும் 'டு' வந்து சேரும். அவன் காத்திருக்க வைக்கப்பட்டான் என்பதை 'ஹி வாஸ் மேட் டு வெயிட்' என்றே சொல்ல வேண்டும். லெட் என்பதை அவ்வாறு மாற்றுவது வழக்கன்று; அங்கே 'வாஸ் அலவ்ட் டு' என்பது கைகொடுக்கும்.

செய்தவர் யார் என்பது முக்கியமன்று, வேலை நடந்தது என்பதே முக்கியம் எனில், அதற்கும் ஒரு வடிவம் உண்டு. 'முடி வெட்டிக்கொண்டேன்' என்கிறோம். வெட்டியவர் முடிதிருத்துநர் என்பது நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் 'ஐ ஹேட் மை ஹேர் கட்' என்பதே பொருத்தம். இவ்வடிவத்தில் சொற்கள் நிற்கும் முறையே பொருளைத் தீர்மானிக்கும். 'ஐ ஹேட் மை ஹவுஸ் பெயின்டட்' என்றால் ஆள் வைத்து வீட்டுக்கு வண்ணம் பூசுவித்தேன் என்பது பொருள். 'ஐ ஹேட் பெயின்டட் மை ஹவுஸ்' என்றால் நானே முன்னரே பூசியிருந்தேன் என்றாகிவிடும். ஒரு சொல் இடம் மாறினால் கூலி பெற்ற தொழிலாளி வாக்கியத்தை விட்டே மறைந்துவிடுகிறான்!

இதே அமைப்பு இழப்பையும் உணர்த்தும். 'ஹி ஹேட் ஹிஸ் பர்ஸ் ஸ்டோலன்' என்றால் அவன் தன் பணப்பையை ஆள் வைத்துத் திருடச் செய்தான் என்பதன்று. திருட்டுக் கொடுத்தான் என்பதே. இங்கே செய்வித்தவன் என்று ஒருவனும் இல்லை. நேர்ந்ததைப் பட்டவன் மட்டுமே இருக்கிறான்.

இறுதியாக, மரியாதை பற்றி ஒரு சொல். விண்ணப்பம் எழுதும் மாணவர் ஒருவர், தலைமையாசிரியரின் கையொப்பம் பெற்றதைத் தெரிவிக்க விரும்புகிறார். மேட் என்று எழுதினால் அவரை வற்புறுத்தியதாகும். ஹேட் என்று எழுதினால் அவரைப் பணியாளர் ஆக்கியதாகும். காட் என்று எழுதினாலும் அவர் தயங்கினார் என்ற குறிப்புத் தோன்றக்கூடும். பெரியோரைப் பற்றி எழுதுமிடத்துப் பிறவினையையே விட்டுவிட்டு, தலைமையாசிரியர் அன்புகூர்ந்து கையொப்பமிட்டார் என்று அவரையே எழுவாயாக வைத்து எழுதுவது நலம்.

எனவே, பிறவினையை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குமுன் இரண்டு வினாக்களை எழுப்பிக்கொள்ளுங்கள். செய்தவருக்கு அதில் விருப்பம் இருந்ததா? செய்வித்தவருக்கு அவ்வாறு ஏவ உரிமை இருந்ததா? விருப்பமும் இல்லை, வழியும் இல்லை எனின் மேக். உரிமையுடன் ஒப்படைத்தது எனின் ஹேவ். தயக்கத்தைப் போக்கி இணங்க வைத்தது எனின் கெட். விரும்பியதைத் தடுக்காமல் விட்டது எனின் லெட். இவ்விரு வினாக்களுக்கும் விடை தெரியாத நிலையில் எழுதும் வாக்கியம், இலக்கணப் பிழை ஒன்றும் இன்றியே ஒருவர்மேல் இல்லாத பழியைச் சுமத்திவிடக்கூடும்.