குடல் அழற்சி நோயும் நமது கடமையும்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சபையிற் பேசத்தகாததெனப் பலர் கருதும் விஷயமொன்றை இன்று பேசத் துணிந்தோம். வெளியிற் சொல்லக் கூசுவதனாலேயே குடல் அழற்சி நோய் பலரை அதிகமாக வாட்டுகின்றது. எம் இல்லத்திலும் அது 12 ஆண்டுகளாகக் குடியிருக்கின்றது. எமது மூத்த குமாரத்தியே அதனை அநுபவிப்பவள்.

இந்நோய் பெரும்பாலும் இருவகைப்படும். பெருங்குடலின் உட்சவ்வைப் புண்ணாக்குவது ஒன்று. வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தையும் பற்றி, குடற்சுவரை ஆழமாக ஊடுருவுவது மற்றொன்று. 1932-ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரத்து வைத்தியர் கிரோன் என்பாரும் அவர்தம் தோழர் இருவரும் பின்னையதை விவரித்தெழுதினர். அதனால் அது கிரோன் நோய் எனப் பெயர் பெற்றது. தேகத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குவதால் இவை நேருகின்றன. இது தொற்றுநோயன்று, பூர்வ பாவத்தின் பலனுமன்று.

எம் குமாரத்திக்கு மலத்தில் இரத்தம் கண்டபோது, மூலமென்றெண்ணி ஓராண்டை வீணாக்கினோம். பின்னர்க் குடற்காசமெனக் கருதி ஆறு மாதம் மருந்து கொடுக்கப்பட்டது. நம் தேசத்தில் காசநோய் மிகுதியாகலானும், இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலானும் தேர்ந்த வைத்தியரும் மயங்குவதுண்டு. ஆதலின் அவரைக் குறை கூறோம். குறை கூறத்தக்கது எமது ஓராண்டு மௌனமே.

நிற்க. இந்நோயை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை; ஆயினும் சிகிச்சையால் அடங்கியிருக்கும். அடங்கிய காலத்தில் தாமாகவே மருந்தை விட்டுவிடுதல் பலர் செய்யும் பெரும்பிழை. ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென நிறுத்துதல் ஆபத்து. பெருங்குடலில் நெடுநாள் நோயுடையார், சுமார் எட்டு ஆண்டுகளுக்குப் பின் வைத்தியர் குறித்த காலந்தோறும் குழாய்ப் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். புற்றுநோய் தோன்றின் முன்னரே அறிதற்கு அது உதவும். புகையிலைப் புகை கிரோன் நோயை வளர்க்கும்.

இனி விவாக விஷயம். நோயை மறைத்து மணம் பேசுதல் இரு குடும்பத்தார்க்கும் தீங்காம். யாம் மறைத்திலேம், மூன்று இடத்தார் விலகினர். நான்காமிடத்தார், "மருந்து எந்தெந்த வேளைக்கு?" என்று மாத்திரம் கேட்டனர். நோய் அடங்கியிருந்த காலத்தில், வைத்தியர் ஆலோசனைப்படி கருவுற்று, இன்று அவள் ஒரு பெண்மகவுக்குத் தாயாயிருக்கிறாள்.

அன்பர்களே! விருந்தில் ஒருவர் உண்ணத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். பந்தியினின்று இடையில் எழுந்தால் காரணம் கேளாதீர்கள். நமது கல்யாண மண்டபத்தின் கழிப்பிடம் கொல்லைக் கோடியில் இருக்கின்றது. கூடத்துக்கு அண்மையில் ஒன்று கட்டுவிக்குமாறு நிர்வாக சபையாரை வேண்டிக்கொள்கிறோம். செலவிற் பாதியை யாமே ஏற்போம்.