சான்று கேட்கப்பட்ட கவிதை



1761இல் ஆப்பிரிக்கச் சிறுமி ஒருத்தி பாஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக விற்கப்பட்டாள். ஏற்றிவந்த கப்பலின் பெயரும் வாங்கியவரின் குடும்பப் பெயரும் சேர்ந்து, பிலிஸ் வீட்லி ஆனாள். ஆங்கிலம் கற்றுக் கவிதையும் புனைந்தாள். அவை அவள் பாடியவையே என்று நகரப் பெருமக்கள் 18 பேர் ஒப்பமிட்ட சான்றுடன், 1773இல் லண்டனில் நூல் வெளிவந்தது.

மனிதர் யாவரும் சமம் என்னும் விடுதலைச் சாற்றுரையை 1776இல் வரைந்த ஜெபர்சனே, பின்னாளில் அக்கவிதைகள் திறனாய்வுக்கும் தகுதியற்றவை என எழுதினார். 1784இல் பிலிஸ் வறுமையில் மறைந்தார். இரண்டாம் நூல் அச்சேறவே இல்லை. அடிமை முறை ஒழிந்தது 1865இல். வாக்குரிமைச் சட்டம் வந்தது 1965இல்.

நண்பர்களே, நம் வட்டத்திற்குப் புதியவர் ஒருவர் கவிதையோடு வந்தால், அவர் யாரென வினவுமுன் கவிதையைப் படிப்போம்.