எந்த ஊர் என்ற கேள்வி



அயல்நாடு செல்வோர் அந்நாட்டு மக்களோடு நட்புக் கொள்வது எவ்வாறு என்பது இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். நட்பைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கினால் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் முன்வந்து நிற்பார்கள். உறையூர்ச் சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த புலவரும் ஒருவரை ஒருவர் காணாமலே நண்பராயினர் என்று புறநானூறு காட்டுகிறது. மன்னன் வடக்கிருந்தபோது புலவர் தேடி வந்து சேர்ந்தார். அவர்களது நட்பு வளர ஆண்டுகள் பல இருந்தன. பள்ளி விடுமுறையில் வெளிநாடு செல்லும் நமக்கோ ஐந்தாறு நாட்களே வாய்க்கின்றன. அதற்குள் நட்பு மலருமா?

மலரும் என்பதே நம் கருத்து. அதற்கான பாடத்தைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. நாள்தோறும் விருந்தினர் வந்திறங்கும் ஊரில் நாம் வாழ்கிறோம். வருவோரில் யார் நமக்கு நண்பராகின்றனர், யார் வேடிக்கை பார்த்துத் திரும்புகின்றனர் என்று கவனித்தால், நாம் வேற்று நாடு செல்லும்போது நடந்துகொள்ள வேண்டிய முறை தானே விளங்கும்.

தமிழகத்திலிருந்து வந்த ஒருவர் சிராங்கூன் சாலையில் நம் இளைஞர் ஒருவரைக் காண்கிறார். தமிழ் பேசக் கேட்டு மகிழ்கிறார். "தம்பிக்கு எந்த ஊர்?" என்கிறார். "சிங்கப்பூர்" என்கிறார் இளைஞர். "அது சரி, சொந்த ஊர்?" "சிங்கப்பூர்தான், அண்ணே." "இல்லை தம்பி, தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார்?"

அன்பில் பிறந்த கேள்விதான் இது. ஏதேனும் ஓர் உறவைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆவல் அதில் உண்டு. ஆயினும் இங்கே பிறந்து, இங்கே கற்று, தேசியச் சேவையையும் இங்கே முடித்த அந்த இளைஞருக்குத் தாம் சொன்ன விடை ஏற்கப்படவில்லை என்பதே மனத்தில் தைக்கிறது. நாராயண பிள்ளை ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து இங்கு வந்த ஆண்டு 1819. அவர் முயற்சியால் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழுந்தது 1827-இல். இருநூறு ஆண்டு கடந்த வாழ்வை வழியில் தங்கிய சத்திரமாகக் கருதலாமா? மொழி ஒன்றாக இருப்பதால் ஆளும் நமக்குத் தெரிந்தவரே என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணமே நட்புக்கு முதல் தடை.

ஊர்ப்பெயரிலும் இதே செய்தி உண்டு. சுற்றுலாக் கையேடுகள் 'லிட்டில் இந்தியா' என்கின்றன. நாம் 'தேக்கா' என்கிறோம். அது தமிழ்ச் சொல்லன்று. மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல். மலாய்க்காரர் அவ்விடத்தைக் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம், என்று வழங்கினர். மாட்டு வணிகம் நடந்த காலத்தின் தடம் அது. 1980-களில் எழுந்த புதிய சந்தைக்கு அதே மூங்கிலடி என்னும் பெயரை மாண்டரின் ஒலிப்பில் 'சூஜியாவ்' என வைத்தனர். மக்கள் நாவில் அது நிலைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் 'தேக்கா நிலையம்' என்ற பெயரே திரும்பியது. கெர்பாவ் சாலையில் 1900-இல் கட்டப்பட்ட டான் டெங் நியாவின் சீன மாளிகை நிற்கிறது. டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசல் இருக்கிறது. இந்தியாவின் சிறு நகல் ஒன்றைக் காண வந்தவருக்கு இவை கண்ணிற் படா. இவ்வூரைக் காண வந்தவருக்கு இவை ஒவ்வொன்றும் உரையாடலின் வாயில்.

சில ஆண்டுகளுக்கு முன், மதுரையிலிருந்து வந்த தமிழாசிரியர் ஒருவரைத் தேக்கா உணவங்காடி நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். காலை நேரம்; கூட்டம் மிகுதி. காலியாக இருந்த மேசை ஒன்றில் கைதுடைக்கும் தாள் பொட்டலம் கிடந்தது. அதை அகற்றிவிட்டு அமர முனைந்தார். ஒருவர் தம் இடத்திற்கு வைத்துச் சென்ற அடையாளம் அது என்றோம். உடனே நகர்ந்து, முதிய சீனர் ஒருவர் தனியே அமர்ந்திருந்த மேசையருகே சென்று, அமரலாமா என்று கையசைத்துக் கேட்டார். பெரியவர் நாற்காலியைக் காட்டி, "பசியாறியாச்சா?" என்று தமிழிலேயே வினவினார். நம் நண்பர் திகைத்துப் போனார். அந்தப் பெரியவர் பல்லாண்டு காலம் சந்தையில் காய்கறி விற்றவர். வாங்க வந்தோரிடம் கற்ற தமிழ் அது. 'பசியாறுதல்' என்னும் சொல்லை உணவு உண்ணும் பொருளில் நம் நண்பர் அன்றுதான் ஒரு சீனர் வாயிலாக அறிந்தார். எஞ்சிய மூன்று நாட்களும் அதே நேரத்தில் அதே மேசைக்குச் சென்றார். கோப்பிக்கு ஒரு நாள் அவர் காசு கொடுத்தார். மறுநாள் பெரியவர் கொடுத்தார். ஆசிரியராகிய அவர் அங்கே மாணவராக அமர்ந்தார், நட்பு கிடைத்தது.

இனி, நம் பக்கம் திரும்புவோம். ஞாயிறு மாலைகளில் தேக்காவில் தமிழகத்து ஊழியரும் வங்காளதேச ஊழியரும் ஆயிரக்கணக்கில் கூடுகின்றனர். ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர், நண்பரைக் காண்கின்றனர், புல்தரையில் அமர்ந்து வீட்டாரோடு பேசுகின்றனர். அவர்களும் அயல்நாடு வந்தவர்களே. அவர்களைப் பொறுத்தவரை உள்ளூர் மக்கள் நாம்தாம். அவர்களில் ஒருவருடைய பெயரேனும் நமக்குத் தெரியுமா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு விரைந்து நடக்கும் நாம், வெளிநாடு சென்றால் அந்நாட்டார் நம்மிடம் நின்று பேச வேண்டும் என எதிர்பார்ப்பது முறையாகுமா? 2014-இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி, நாம் கட்டடங்களில் மட்டும் கண்டவர்களைக் கவிஞர்களாகக் காட்டியது. அவர்கள் பேசக் காத்திருந்தனர்; கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மாணவர்களுக்கு இதில் மற்றொரு நன்மையும் உண்டு. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டுவாசிகளில் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். வகுப்பறைக்கு வெளியே தமிழ் பேச ஆளில்லை என்று வருந்துகிறோம். தமிழிலன்றிப் பேச இயலாத ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் நம் அருகிலேயே நிற்கிறார். அவரிடம் "எந்த ஊர், அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். நம் இளைஞரை வருத்திய அதே கேள்வி அவர் முகத்தை மலரச் செய்யும். அவர் சொல்லும் ஊரை அவர் சொன்னபடியே ஏற்று, அவ்வூரின் குளத்தையும் கோயிலையும் பள்ளியையும் பற்றிக் கேளுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரை வெளிநாட்டுப் பயணம் அழைத்துச் செல்லுமுன் அந்நாட்டு மொழியில் பத்துச் சொற்களைக் கற்பியுங்கள். செல்லும் இடத்தை அங்குள்ளோர் எப்பெயரால் அழைக்கின்றனர் என்று தேடச் சொல்லுங்கள். அவற்றிற்கும் முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஒரு நண்பரைப் பெற்றவர் எந்த நாட்டிலும் தனியராக மாட்டார்.