கேஸ் எங்கே போயிற்று?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, வேலை முடித்து, குளித்த ஈரம் காயுமுன்னே இங்கு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, பரிசுக்காக முன்வரிசையில் காலாட்டிக்கொண்டு காத்திருக்கும் மாணவச் செல்வங்களே!

கல்வியின் அவசியத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். எனக்கு முன்னே பேசியவர்கள் அதை நிறைவாகவே பேசிவிட்டார்கள். ஆகவே நான் ஒரு ரப்பர் குழாயைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். இதோ, கையோடு கொண்டுவந்திருக்கிறேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு முனையிலும் அலுமினியம். மலரில் படிக்கிறவர்கள் மனக்கண்ணில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது என் அத்தானின் பிக்கப்பில் இருந்த குழாய். அத்தான் செம்பனைத் தோட்டத்தில் குத்தகை வேலை எடுத்துச் செய்பவர். வண்டிக்கு வயது 14. காலையில் அதன் பின் இருக்கையில் என் அக்காள் மகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வருவார். என் மருமகளுக்கு ஆஸ்துமா. நம் பாரிட் புந்தார்ப் பக்கம் உங்களுக்குத் தெரியாததா? அறுவடை முடிந்ததும் வயலில் வைக்கோலைக் கொளுத்துவார்கள். புகை சடக்கு முழுதும் படுத்துக்கிடக்கும். கண்ணாடியை ஏற்றினால் வண்டிக்குள் வேக்காடு, இறக்கினால் பிள்ளைக்கு இளைப்பு. ஏர்கோன் என்றால் சொகுசு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். அந்தப் பிள்ளை மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதில்லை.

அந்த ஏர்கோன் குளிரவில்லை. அத்தான் ஒரு பட்டறைக்குப் போனார். "கேஸ் முடிஞ்சு போச்சு" என்று சொல்லி அடைத்துக் கொடுத்தார்கள். 80 வெள்ளி. நான்கு மாதத்தில் மறுபடியும் அதே கதை, மறுபடியும் 80 வெள்ளி. மூன்றாவது தடவை ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

பெற்றோர்களே, இந்த ஒன்றை மட்டுமாவது வீட்டுக்குக் கொண்டு போங்கள். ஏர்கோன் கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? அது உடம்பில் ரத்தம் ஓடுவதுபோல மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. பழைய வண்டியில் பல ஆண்டுகளில் கொஞ்சம் கசியலாம், அது வேறு. சில மாதத்தில் குறைந்துவிட்டது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். "எங்கே ஒழுகுது?" என்று கேட்காமல் கேஸ் அடைப்பது, ஓட்டை வாளியில் பால் ஊற்றுவதற்குச் சமம். பால் வெட்டிய குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மாணவர்களே, நீங்கள் படித்த பாடம்தான் அந்தக் குழாய்க்குள் ஓடுகிறது. ஊசி போடுமுன் தாதி கையில் மருந்தைத் தடவியதும் சில்லென்று இருக்கிறதல்லவா? திரவம் ஆவியாகும்போது பக்கத்திலுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. நம் வண்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-134ஏ என்ற பொருள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இது சுழிக்கும் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சினோடு சுற்றும் கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்குகிறது, அமுக்கினால் சூடேறும். சூடான ஆவி முன்பக்கத்து வலைத்தட்டுக்குப் போய், காற்றுப்பட்டு ஆறித் திரவமாகிறது. பிறகு ஒரு சின்னத் துவாரத்தில் நுழைந்து, டேஷ்போர்டுக்குப் பின்னே அழுத்தம் குறைந்த இடத்தில் மறுபடி கொதிக்கிறது. அங்கேதான் நமக்குக் குளிர்.

கம்ப்ரஸரிலிருந்து முன்தட்டுக்குப் போகும் குழாய்தான் என் கையில் இருப்பது. அதிகச் சூடும் அதிக அழுத்தமும் இதன் தலையில். டயருக்கு 32 பவுண்டு காற்று அடிக்கிறோம். உச்சி வெயிலில் இதற்குள் 200 பவுண்டுக்கும் மேலே ஏறும். அப்படியானால் ஏன் ரப்பர்? முழுக்க இரும்பாகப் போட்டால் என்ன? கம்ப்ரஸர் எஞ்சினோடு சேர்ந்து ஆடும். முன்தட்டு வண்டியின் சட்டத்தோடு அசையாமல் நிற்கும். ஆடுவதற்கும் நிற்பதற்கும் நடுவே வளைந்து கொடுக்க ஒன்று வேண்டுமே!

இனி நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய பகுதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரம்புத்தான் மரத்தடியில், "நாமே கழட்டிப் பாத்துடலாம் மச்சான்" என்றார் அத்தான். நான் டார்ச் பிடித்தேன். பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய ஆசிரியன்; அந்த வாரம்தான் ஐந்தாம் ஆண்டுக்கு ஆவியாதல் நடத்தியிருந்தேன். வாயைத் திறந்தேனா? இல்லை. எஞ்சின் நின்று ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, அழுத்தம் போயிருக்கும் என்று இருவரும் நினைத்துவிட்டோம்.

போகாது. சமையல் கேஸ் தோம்பை நினைத்துப் பாருங்கள். பாதி தீர்ந்தாலும் அடுப்பு அதே வேகத்தில்தான் எரியும். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கிறவரை அழுத்தம் விடாது. நம் ஊர் வெயிலுக்கு, நிறுத்தி வைத்த வண்டியிலும் குழாய்க்குள் 100 பவுண்டு இருக்கும். அத்தான் நட்டைத் திருகினார். சீறிக்கொண்டு வெள்ளைப் புகை வந்தது. அவருடைய இரண்டு விரல்கள் கண்முன்னே வெளுத்து மரத்துப்போயின. அந்த நேரத்தில் அக்காள் "தேத்தண்ணி ஆறுது" என்று கூப்பிட்டதால் அவர் முகத்தைத் திருப்பியிருந்தார். கண் தப்பியது அந்தத் தேத்தண்ணியால்தான். கடுஞ்சூட்டுக் கொப்புளம் போலவே குளிரிலும் கொப்புளம் வரும். தேய்க்கக் கூடாது, வெந்நீரில் முக்கவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனோம். விரல் பிழைத்தது.

மறுநாள் வண்டியைப் பார்க்க வந்தவர் நம் பள்ளியின் பழைய மாணவர். ஆறாண்டில் ஒருமுறைகூட இந்த மேடையில் ஏறாதவர். பிறகு தொழிற்பயிற்சி பெற்று மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கி, பட்டறை வேலையில் இருக்கிறார். நடந்ததைச் சொன்னேன்.

"சார், கண்ணாடி போட்டீங்களா? கையுறை?"

"இல்லப்பா."

"நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க!" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவர் குழாயை நக்கத்தால் அல்ல, கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார். ரப்பரும் அலுமினியமும் சேரும் கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கும், அதன்மேல் செம்மண்ணும். கேஸோடு கொஞ்சம் எண்ணெயும் சுற்றுவதால், கேஸ் கசிந்த இடத்தில் எண்ணெய் சாட்சி சொல்லும். மீதமிருந்த கேஸை இயந்திரம் வைத்து உருளைக்குள் இழுத்துக்கொண்டார். வெளியே விடவில்லை. பழைய ஆர்-12 கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுத்தது. 1987-ல் மொன்றியல் உடன்படிக்கை வந்து அதை ஒழிக்க வழி செய்தார்கள். ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 1400 மடங்கு. அரைக் கிலோவைத் திறந்துவிட்டால் முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயுவைப் புகைத்ததற்குச் சமம். நாங்கள் மரத்தடியில் செய்தது அதுதான். பக்கத்தில் யாரும் சுருட்டுப் பற்ற வைக்கவும் கூடாது. நெருப்பில் பட்டால் அது நச்சு வாயுவாகும்.

புதுக் குழாய் விலை அதிகம். பழைய உலோக முனைகளுக்கே புது ரப்பரை இயந்திரத்தால் அழுத்தி மாட்டித் தரும் கடைகள் உண்டு. அது நல்ல வழிதான். ஆனால் ஏர்கோனுக்கென்றே செய்த குழாயாக இருக்க வேண்டும். அதன் உள்ளே நைலான் பூச்சு, நடுவே நூல் பின்னல், வெளியே செயற்கை ரப்பர். கிளிப்பு போட்டு இறுக்கும் வேலையெல்லாம் ஒரு வாரம் தாங்காது. நம் பால் மரத்து ரப்பர் இதற்கு ஆகாது. எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். இதைக் கேட்டதும் ஒரு பால்காட்டுப் பிள்ளையாகிய எனக்குக் கொஞ்சம் வருத்தம். அதைக் கவனித்தாரோ என்னவோ, அவர் எஞ்சின் அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மெத்தை கிழிந்திருந்தது. "அதுக்கு இயற்கை ரப்பர்தான் சார் ராஜா. அது கிழிஞ்சதால எஞ்சின் கூடுதலா ஆடி குழாயோட கழுத்த இழுத்திருக்கு. இத மாத்தாம அத மாத்தினா, அடுத்த வருஷம் திரும்ப வருவீங்க." மூன்று முறை காசு வாங்கியவர்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

நட்டைத் திருகும்போது இரண்டு ஸ்பேனர் போட்டார், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. இல்லாவிட்டால் அலுமினியம் முறுக்கிக்கொள்ளும். இணைப்பில் இருக்கும் சின்ன ரப்பர் வளையங்களைப் புதிதாக, அந்த கேஸுக்கு உரியதாக, கம்ப்ரஸர் எண்ணெய் தடவி மாட்டினார். பழைய குழாயில் வடிந்த எண்ணெயை அளந்து அதே அளவு புதியது ஊற்றினார். குழாய் திறந்து கிடந்ததால் ஈரம் உறிஞ்சும் வடிகட்டியையும் மாற்றினார். பிறகு பம்ப்பை மாட்டி அரை மணி நேரம் உள்ளே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சினார். நான் பொறுமையிழந்து, "கேஸ் அடைச்சிட வேண்டியதுதானேப்பா" என்றேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் நின்றாலும் சின்னத் துவாரத்தில் பனிக்கட்டியாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தையும் தின்னும் என்றார். பம்ப்பை நிறுத்திவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் அசையவில்லை. பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் எழுதிய எடையைப் படித்து, தராசில் வைத்து, அந்த அளவுதான் கேஸ் விட்டார். கூடக் குறைய இல்லை.

வெளியே 33 டிகிரி. பள்ளி அறிவியல் அறையின் வெப்பமானியை நான் எடுத்துப் போயிருந்தேன். என் மருமகள் பின் இருக்கையில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, காற்று வரும் துவாரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு எண்களைச் சத்தமாகப் படித்தாள். இருபது... பதினைந்து... பதினொன்று. "மாமா, எட்டு!" என்றாள்.

இந்தப் பழைய குழாயை இன்று முதல் அறிவியல் அறை அலமாரியில் வைக்கிறேன். வந்து பாருங்கள், கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் வண்டி கழற்றும் தந்தைமார்கள் பிள்ளைகளோடு வந்து பார்த்தால் மிகவும் நல்லது. இத்துடன் பரிசுகளுக்கு வழி விடுகிறேன்.