தரையோரக் கரும்பலகை

பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்திருக்கும் பள்ளி ஆசிரியர்களே!

அண்மையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். வகுப்பறைச் சுவரின் அடியில், குழந்தை சம்மணமிட்டு உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், சுற்றிலும் கரும்பலகை. அதன்மேல் ஒரு துடைப்பமும் இரண்டு சாக்குமூட்டைகளும் சாய்ந்திருந்தன. "இது எதற்கம்மா?" என்று இளம் ஆசிரியையிடம் கேட்டேன். "நான் வரும்போதே இருந்தது சார்" என்றார்.

செயல்வழிக் கற்றலின் மிச்சம் அது. ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. குழந்தை தன் வேகத்தில் ஏணிப்படி ஏறட்டும் என்பது அருமையான யோசனை. இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதனால் கற்றல் எவ்வளவு கூடியது என்று கேளுங்கள். ஆதரித்தவர் ஒன்று சொல்வார், எதிர்த்தவர் வேறொன்று சொல்வார். வழக்கு இன்னும் முடியவில்லை.

இல்லம் தேடிக் கல்வியின் கதை வேறு. 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம். மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாய் விரித்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள் தன்னார்வலர்கள். பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு. பொருளியல் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் தமிழக கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 டிசம்பரில் கணக்கில் ஏறத்தாழ 0.7 திட்டவிலக்கம் சரிவு. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு மாலை வகுப்பின் பலன். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்தது எப்படி? அதே கிராமங்களில் 2019இல் எடுத்த அளவு கையில் இருந்தது. கொரோனா வரப்போவது தெரிந்து எடுத்ததா அது?

நம்மிடம் எண்களுக்குப் பஞ்சமில்லை. எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் ஏற்றி ஏற்றி ஆசிரியர் கைரேகை தேய்கிறது. (பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது.) ஏற்றிய எண்ணில் எது அவர் வகுப்பறைக்கு விளக்கமாகத் திரும்பி வந்திருக்கிறது?

கல்லூரிகளைப் பற்றிப் பிற்பகலில் பேசுவார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதில் சேர்ந்தவர்கள் முதலாண்டு உடற்கூறியல் பாடத்தில் எங்கே திணறினார்கள், யார் கைகொடுத்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதும் ஒரு முனைவர் பட்ட மாணவர் இந்த அரங்கில் இருந்தால், தேநீர் இடைவேளையில் என்னைப் பாருங்கள்.

கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை நாள் வகுப்பறையில் உட்கார்ந்தீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு வாசியுங்கள். 'ஒரு நாளும் இல்லை' என்றாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். முதல் அமர்வு தொடங்கட்டும்.