பாட்டில் நிறைய இருந்தது, ரேடியேட்டர் காலி

(நமது சங்கத்தின் உறுப்பினர் சந்திப்பில், மும்பையில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னிடம், "பழைய கார்களைப் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்றார். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கார்தான். அப்பா 1978-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி. இதே ஊரில், குர்லாவில் பிறந்த வண்டி. பெயர் பத்மினி என்றாலும் எங்கள் அகத்தில் எல்லோருக்கும் அது "ஃபியட்"தான். 2023 அக்டோபரில் மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸியும் சாலையை விட்டுப் போனபோது, யாரோ உறவுக்காரர் போய்விட்ட மாதிரி எனக்கு நாலு பேர் போன் செய்து துக்கம் கேட்டார்கள். எங்கள் வண்டி இன்னும் ஓடுகிறது. ஓடாமல் போயிருக்க வேண்டியது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்பாவுக்குக் காலையில் ஒரு நியமம் உண்டு. காபி ஆனதும் கீழே இறங்கி, பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் விடுவார். ஏன் தினமும் விட வேண்டியிருக்கிறது என்று நான் கேட்டதில்லை. காரணம் சுலபம்தான். தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குப் போனால் நூற்றுக்கு மூன்றரை பங்குக்கு மேல் விரிகிறது. ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 180 மில்லி, நம் காபி டம்ளர் ஒன்று. அந்த உபரி, மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குழாய் வழியாகத் தரையில் கொட்டிவிடும். வண்டி ஆறியதும் உள்ளே அந்த இடத்தில் காற்று வந்து உட்காரும். காற்று என்றால் ஆக்ஸிஜன். ஆக்ஸிஜன் என்றால் உள்ளே துரு.

அப்பாவின் காலத்துக்குப் பிறகு, எனக்குக் காலையில் லோக்கல் ரயிலைப் பிடிக்கவே நேரம் சரியாக இருந்தது. அந்தக் குழாயை ஒரு பாட்டிலில் விட்டுவிட்டால் வெளியேறும் தண்ணீர் அதில் சேரும், ஆறும்போது வண்டி தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், புது வண்டிகளில் அப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், இரண்டு அடி ரப்பர் ஹோஸ், இரண்டு கிளாம்ப் வாங்கி நானே மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர வேலை. பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து மூடியைத் திறப்பதை நிறுத்திவிட்டேன். பாட்டிலைப் பார்ப்பேன், தண்ணீர் இருக்கும், கிளம்பிவிடுவேன்.

1994-ல் புனேயில் பெரியப்பாவின் பேரனுக்குப் பூணூல். பெரியப்பாவும் பெரியம்மாவும் பின் சீட்டில், தாம்பூலத் தேங்காய் மூட்டை டிக்கியில். எக்ஸ்பிரஸ்வே எல்லாம் அப்போது கிடையாது, பழைய ரோடுதான். கோப்போலியில் நிறுத்திப் பார்த்தேன், பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அப்பா தனியாக வாங்கிப் பொருத்திய வெப்ப முள்ளும் அமைதியாக இருந்தது. போர் காட்டில் ஷிங்க்ரோபா கோயிலில் காசு போட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினோம். கண்டாலாவுக்குச் சற்று முன்னால் இன்ஜின் இழுக்கவில்லை. பெயிண்ட் கருகுகிற நாற்றம். ஒரு குலுக்கல், நின்றுவிட்டது. முள்ளைப் பார்த்தேன், அது இறங்கியிருந்தது!

பெரியப்பாவையும் பெரியம்மாவையும் ஒரு எஸ்.டி. பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். முகூர்த்தத்துக்கு அவர்கள் போய்ச் சேரவில்லை. பிரம்மோபதேசம் முடிந்து பந்தி நடக்கும்போதுதான் போனார்கள். பெரியப்பா அதைப் பற்றி என்னிடம் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது, காஸ்கெட் போய்விட்டது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்றார். பாட்டில் மட்டும் நிறைய.

என்ன நடந்தது? மாமிகளுக்கு நான் விளக்கவே வேண்டாம். சூடான ரசத்தை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி இறுக மூடி வைத்தால், ஆறினபின் மூடி வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும் இல்லையா? ரேடியேட்டரும் அப்படித்தான். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி எதையாவது இழுக்கும். பாட்டில் தண்ணீரை இழுக்க வேண்டுமானால் வேறு வழியாகக் காற்று நுழையக் கூடாது. அதற்கு மூடியில் இரண்டு வாஷர் வேண்டும். கழுத்துக்குள் அழுத்தத்தைப் பிடிக்கிற வாஷர் ஒன்று, கழுத்தின் மேல் விளிம்பை அடைக்கிற வாஷர் இன்னொன்று. நடுவில் உள்ளிழுக்கும் குட்டி வால்வு. எங்கள் பழைய மூடியில் மேல் வாஷர் கிடையாது. தரையில் கொட்டுகிற வண்டிக்கு அது தேவையும் இல்லை. ஆகவே தண்ணீர் பாட்டிலுக்குப் போயிற்று, திரும்பி வந்தது காற்று.

அது மட்டும் என்றால் ஒரு டம்ளரோடு நின்றிருக்கும். வாட்டர் பம்பில் சின்ன ஒழுகல் ஒன்று இருந்திருக்கிறது. அப்பா தினமும் விட்ட டம்ளரில் கொஞ்சம் அதற்கும் போயிருக்க வேண்டும். நான் விடுவதை நிறுத்தினேன், பாட்டிலோ குறையவே இல்லை. வெப்ப முள்ளின் சென்ஸார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் இறங்கிவிட்டால் அதைச் சுற்றி நீராவியும் காற்றும்தான், முள் பொய் சொல்லும்.

இப்போது அதே பாட்டில்தான், மூடி மட்டும் வேறு. பொருத்த நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், செலவை மூடியிலிருந்து ஆரம்பியுங்கள். கழுத்தின் ஆழத்துக்குச் சரியான அளவு வேண்டும். பழைய மூடியில் எத்தனை பவுண்டு என்று போட்டிருக்கிறதோ அதே பவுண்டு. 7 பவுண்டு மூடியில் தண்ணீர் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும், 13 போட்டால் இன்னும் நல்லதுதானே என்று ஆசை வரும். வேண்டாம், பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று தாங்காது. ஹோஸ் பாட்டிலின் அடிவரை போக வேண்டும். இரண்டு முனையிலும் காற்றுக் கசிவு கூடாது. ஆனால் பாட்டில் மூடியில் ஓர் ஓட்டை கட்டாயம் வேண்டும். புகைக் குழாயின் சூட்டிலிருந்து தள்ளி மாட்டுங்கள். ரேடியேட்டரை விளிம்புவரையும், பாட்டிலை மூன்றில் ஒரு பங்கும், வண்டி ஆறியிருக்கும்போது நிரப்புங்கள்.

ஒரிஜினல் வண்டியில் பிளாஸ்டிக் பாட்டிலா என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். பாடியில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. பாட்டரி தட்டின் பழைய போல்ட்டிலேயே தகடு வைத்திருக்கிறேன். கண்காட்சிக்கு என்றால் பத்து நிமிஷத்தில் கழற்றிவிடலாம். இன்னொரு சௌகரியமும் உண்டு. கூலண்ட் கலந்த தண்ணீர் தித்திக்கும், ஆனால் விஷம். எங்கள் சொசைட்டியில் ஏழெட்டுப் பூனைகள். இப்போது தரையில் கொட்டுவதில்லை.

முக்கியமானது, பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துப் பிரயோஜனம் இல்லை. ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் ஆறியிருக்கும்போது ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் அதற்கு மேலே இருக்க வேண்டும், மறுநாள் காலை கோட்டுக்கே திரும்ப வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் கோட்டுக்குக் கீழே போனால் பயம் இல்லை, உள்ளே இருந்த காற்று வெளியேறுகிறது, ஊற்றிக்கொள்ளுங்கள். ஏறினது இறங்காவிட்டால் மூடியோ ஹோஸோ சரியில்லை. வாராவாரம் குறைந்தால் எங்கோ ஒழுகல். சூடேறிய பிறகும் பாட்டிலில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். இன்ஜின் சூடாகும் வியாதிக்குப் பாட்டில் மருந்து அல்ல. அடைத்துப்போன ரேடியேட்டர் அடைத்தபடிதான் இருக்கும்.

நான் இப்போதும் வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கிறேன்.

வண்டியைக் கீழே வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன். டிபன் ஆனதும் வந்து பாருங்கள். செம்பூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து இன்னும் அரை மணி ஆகவில்லை, அதனால் மூடியை மட்டும் யாரும் தொட வேண்டாம்.