சேற்றுப்புண்ணும் பனி வெடிப்பும்

பயிரில் இலை வெளுத்தால் குனிந்து பார்க்கிறோம். மாட்டுக்குக் குளம்பில் புண் என்றால் அன்றைக்கே மருந்து போடுகிறோம். நம்ம கால் விரல் இடுக்கு வெந்து கிடந்தால் மட்டும், "சேத்துல நிக்கிற காலு, இப்படித்தான் இருக்கும்"னு விட்டுவிடுகிறோம். தோலைப் பேணுவது பட்டணத்து வேலை என்று ஒரு நினைப்பு. உண்மையில், வெயிலிலும் தண்ணீரிலும் கிடக்கிற நமக்குத்தான் அது அதிகம் தேவை.

மேல்தோலை ஓட்டுக் கூரை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செதில்கள் ஓடு போல அடுக்கியிருக்கும். இடையில் எண்ணெய்ப்பசை பூச்சு மாதிரி பிடித்திருக்கும். பனிக்காற்றில் ஈரம் போனால் இந்தக் கூரை விரிசல் விடும். தண்ணீரிலேயே ஊறினால் உப்பி, வெளுத்து, பிரிந்துவிடும். ஆகையால் மார்கழிக்குச் செய்கிற பக்குவம் ஐப்பசிக்குப் பொருந்தாது.

முதலில் மழைக்காலத்தைப் பார்ப்போம். சம்பா நடவும் களையெடுப்பும் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்தே வருகின்றன. நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் விரல் இடுக்குத் தோல் ஊறிப் பிய்ந்துவிடும். அங்கே பூஞ்சைக் காளானும் கிருமியும் குடியேறும். அரிப்பு, எரிச்சல், நாற்றம், இதுதான் சேற்றுப்புண்.

வயலில் இறங்குமுன் பாதத்திலும் விரல் இடுக்கிலும் வேப்பெண்ணெயோ, தேங்காய் எண்ணெயோ, வாசலினோ நன்றாகத் தடவிக்கொள்ளுங்கள். தண்ணீர் தோலுக்குள் ஊறுவதை அது கொஞ்சம் தடுக்கும். ஏற்கெனவே புண் இருந்தால், ஆறும்வரை சேற்றில் இறங்காமல் கரை வேலை பார்ப்பது நல்லது. கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு விரல் இடுக்கையும் ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் அந்த இடுக்கில் எண்ணெய் வேண்டாம்; காற்றுப்படட்டும். இறங்கும்போது பூசியது தண்ணீரைத் தடுத்தது. இப்போது பூசினால் உள்ளே இருக்கிற ஈரத்தை அல்லவா மூடி வைக்கும்? சிலர் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு வைக்கிறார்கள். புண் மேல் புண்ணாகும், வேண்டாம்.

"சேற்றுப்புண்ணால் யார் செத்தார்கள்?" என்று கேட்பீர்கள். வயல் தண்ணீரில் எலியின் மூத்திரம் கலந்திருக்கும். அதில் உள்ள கிருமி, புண் வழியாகவும் வெடிப்பு வழியாகவும் உடம்புக்குள் போகும். எலிக்காய்ச்சல் என்கிறோமே, அது இப்படித்தான் வருகிறது. பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் திடீர்க் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு. அப்போது டாக்டரிடம், "நான் வயல் தண்ணியில நின்னவன், கால்ல புண் இருக்கு" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் போனால் மருந்தில் குணமாகும். கண் மஞ்சளாகி, மூத்திரம் குறைகிற வரைக்கும் வீட்டில் கஷாயம் குடித்துக்கொண்டு இருந்தால் உயிருக்கே ஆபத்து.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும். புண் இருப்பதே தெரியாது. ராத்திரி படுக்குமுன் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

மார்கழி, தை வந்தால் நிலைமை தலைகீழ். தண்ணீர் வடிகிறது, பனிக்காற்று அடிக்கிறது, குதிகால் பாளம் பாளமாக வெடிக்கிறது. குளித்த ஈரம் முழுக்கக் காய்வதற்குள் கை கால்களில் தேங்காய் எண்ணெய் தடவினால் உள்ளே இருக்கிற ஈரம் போகாது. வறண்ட தோலில் எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் பலன் இல்லை. சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதத்தோடு நிறுத்துங்கள். பித்தவெடிப்புக்கு ராத்திரி கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, கல்லில் மெதுவாகத் தேய்த்து, துடைத்ததும் வாசலின் தடவித் துணி சுற்றிப் படுங்கள். பிளேடால் சீவுவது கூடவே கூடாது. சர்க்கரை நோயாளிகள் இந்த ஊறவைக்கிற வேலையே வேண்டாம், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

சித்திரை, வைகாசியில் வேர்வை. வெயில் மட்டும் அடித்தால் வேர்வை காய்ந்து உடம்பு குளிரும். காற்றிலும் ஈரம் இருந்தால் காயாமல் நின்று, வேர்வைக் குழாயின் வாய் அடைபட்டு வேர்க்குரு கிளம்பும். இதற்கு எண்ணெய் ஆகாது; அடைப்பு அதிகமாகும். பச்சைத் தண்ணீரில் குளித்து, பாலியஸ்டரை விட்டுப் பருத்திச் சட்டை போட்டால் போதும். இன்னொன்று: வேர்வையில் நனைந்த தோலும், புண்பட்ட தோலும் பூச்சிமருந்தைச் சுலபமாக உள்ளே இழுக்கும். மருந்து தெளிப்பதைக் காலை நேரத்தில், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டு முடித்துவிடுங்கள்.

புழுக்கத்தில் தொடை இடுக்கில் வட்டமாகப் படர்கிறதே, அது படர்தாமரை. கடையில் கேட்டு வாங்குகிற சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசிய இரண்டாம் நாள் அரிப்பு அடங்கும். பின்னால் இரண்டு மடங்காகப் படரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, காளானுக்கு உரிய மருந்தை அவர்கள் சொல்கிற நாள் முழுக்கப் பூசுங்கள், அரிப்பு நின்றாலும் நிறுத்தாதீர்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் அதே சமயத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். துண்டும் வேட்டியும் தனித்தனியாக, நல்ல வெயிலில் காயட்டும். தேமல் மாதிரி வெளிறிய இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் அது படர்தாமரை அல்ல. தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கூட்டு மருந்து அங்கேயே இலவசமாகக் கிடைக்கிறது.